ஏணி ஏறும் இடம்

ஜூன் 9, ஞாயிறு

தினகருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. நல்ல பையன், நன்றாக இருக்கட்டும். ஆனால் கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க இனி ஆள் இல்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் இதையே பேசிக்கொண்டு நின்றார்கள். கிட்டார் வாசிக்கிற ரூபன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்ஃபோன் கடை வைத்திருப்பவன், "எங்க சித்தப்பா மகன் நல்லா வாசிப்பான், வரச் சொல்லட்டா அண்ணே?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டான். கீபோர்டு அவர் கையில் இருப்பதால் குழுவில் அவர் சொல்வதுதான் சட்டம்.

"வேண்டாம்டே. பியூலா வாசிப்பா."

நான் அப்போது மூன்றாவது பெஞ்சுக்கு அடியில் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் முழுக் குழுவும் என்னைப் பார்க்கிறது. எனக்குத் தெரிந்த வாத்தியம் பள்ளிக்கூட மணி மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன். "நாப்பத்தேழு வயசுல எனக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

"நாலு கம்பிதான பியூலா. ரூபனுக்கு ஆறு. எனக்கு அறுபத்தொரு கட்டை. இருக்கதுலயே கம்மி உனக்குத்தான்."

"கணக்கு டீச்சர்ட்ட கணக்கு சொல்லாதீங்க."

சிரித்தார். மட்டன் குழம்பு வைத்தும் பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது. வெயில் அப்படி.

ஜூன் 13, வியாழன்

பேஸ் கிட்டார் வீட்டுக்கு வந்துவிட்டது. கனம் என்றால் அப்படி ஒரு கனம். சோஃபாவில் படுக்க வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் எங்கே உட்காருவது என்று தெரியவில்லை.

பெங்களூரிலிருந்து கெசியா அரை மணி நேரத்துக்கு ஒரு லிங்க் அனுப்புகிறாள். அம்மா கிட்டார் பிடிக்கப் போகிறாள் என்றதும் மகளுக்கு அவ்வளவு குஷி. எல்லாவற்றையும் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் கம்பியைத் தொடுவதற்கு முன் பத்து நிமிஷம் பேசுகிறார். சென்னை சார் ஒருவர் முதல் பாடத்திலேயே தன் வித்தையெல்லாம் காட்டிவிட்டு "இதை வீட்ல டிரை பண்ணுங்க" என்கிறார். முதல் நாளே தன் திறமையைக் காட்டுகிறவர் என் பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் தாங்கமாட்டார். ஒரு அம்மாள் மட்டும் தன் சமையலறையில் உட்கார்ந்து, இரண்டே விரல், ஒரே கம்பி, அதையே திரும்பத் திரும்பக் காட்டுகிறாள். பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிறது. இவளை வைத்துக்கொண்டேன்.

கெசியா ஃபோனில் ஒரு செயலியும் இறக்கிக் கொடுத்தாள். சரியாக வாசித்தால் பச்சை, தப்பினால் சிவப்பு. ஒரு நாள் விட்டால் கோபித்துக்கொள்ளுமாம். நம் வீட்டில் கோபித்துக்கொள்ள ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள்.

ஜூன் 22, சனி

விரல் நுனியெல்லாம் கொப்புளம். வெங்காயம் நறுக்க முடியவில்லை. அவரே நறுக்கிக் கொடுத்தார்.

அவர் பாடம் நடத்துகிற விதம் இந்த வீடியோக்களில் எதிலும் இல்லை. "ஒவ்வொரு அடிக்கும் வாசிக்காத. முதல் அடி மட்டும் வாசி. மத்த மூணும் கேளு" என்கிறார். கேட்டுக்கொண்டே இருப்பது எனக்கு வராத காரியம்.

இன்னொன்று கவனித்தேன். நான் பேஸை எடுத்ததும் அவர் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்து மடியில் வைத்துவிடுகிறார். வலது கை மட்டும் வாசிக்கிறது. ஏன் என்று கேட்டேன்.

"பேஸ் இருக்கும்போது கீழ் சுரத்துல கீபோர்டுக்காரனுக்கு என்ன வேலை? அது பேஸ்காரங்க இடம். அங்க போய் நான் கைய வச்சா ரெண்டும் சேந்து கொழகொழன்னு ஆயிரும்."

"நான் தப்பா வாசிச்சா?"

"தப்பாவே கேக்கட்டும். இடம் உன்னோடது."

ஜூலை 6, சனி

இன்று அவருடைய பாட்டைத் தொடங்கினோம். கெசியா பிறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவர் எழுதியது. ஒவ்வொரு கேரல் ஆராதனையிலும் குழு இதைப் பாடும். தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குள் இப்படி ஒரு மெட்டு எங்கே இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

மூன்று சரணம். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரியிலும் பேஸ் கீழிருந்து மேலே ஏற வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் ஏணி. ஆள்காட்டி விரல், நடுவிரல், அப்புறம் ஒரே நீட்டாக நீட்டிச் சுண்டுவிரல். என் சுண்டுவிரல் இத்தனை வருஷம் மோதிரவிரலுக்குத் துணைக்கு வந்ததைத் தவிர ஒரு வேலையும் செய்ததில்லை. தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு தடவையும்.

அவர் திருத்துவதில்லை. அந்த இடம் வரும்போது வலது கையை லேசாகத் தளர்த்திக்கொண்டு, தாடையைத் தூக்கி, "ம், வந்தாச்சா?" என்கிறார்.

"வந்தாச்சி."

உடனே சேர்ந்து போகிறோம். கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் பாட்டு ஒரு சின்ன மூச்சு எடுத்துக்கொண்ட மாதிரித்தான் இருக்கும். ரூபன் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். "அண்ணே, டீச்சரக்காவுக்காக நீங்க ஸ்லோ பண்ணுதீங்க. மெட்ரோனோம் வச்சி, அந்த டிக் டிக்குக்குத் தாளம் தப்பாமப் பழகச் சொல்லுங்க" என்றான்.

"மெட்ரோனோம் யாருக்கும் காத்து நிக்காதுடே."

"அதுக்குத்தான அண்ணே அது."

"நான் இருக்கேம்லா" என்றார்.

ஜூலை 18, வியாழன்

அவருடைய வயிற்று வலிக்கு, வாயு என்று இத்தனை நாள் ஓமவாட்டர் கொடுத்தேன். முதுகுக்கும் வலி பரவுகிறது என்கிறார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தோம். கேஸ் சிலிண்டர் வந்தது. பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் தொடங்கினேன்.

ஜூலை 24, புதன்

மதுரைக்குப் போய் வந்தோம். பெரிய டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். கணையம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது. நன்றாக வரைகிறார். ரிப்போர்ட்டை பீரோவில் பட்டுச் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

பஸ் கோவில்பட்டி தாண்டியது. அப்புறம் அவர், "சுண்டுவிரல நேரா வைக்காத. கொஞ்சம் வளைச்சி வை. எட்டும்" என்றார்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கெசியா வந்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் வீணாகிறது என்று கதவைத் தட்டினேன். அவள் வெளியே வந்து, "அம்மா, நீங்க அழவே மாட்டீங்களா?" என்று கேட்டாள். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம், மதுரை டாக்டர் கெட்டிக்காரர், அழுவதற்கு என்ன இருக்கிறது.

சாயங்காலம் மூன்று பேரும் வாசித்தோம். கெசியா பாடினாள். ஏணியில் நான் வழக்கம்போலத் தாமதம். அவர் வழக்கம்போல நின்றார். கீபோர்டு முன்னால் தலையணை வைத்துத்தான் உட்கார முடிகிறது.

ஆகஸ்ட் 28, புதன்

சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சி மட்டும். சமையலறை அம்மாளின் அடுத்த பாடம் பார்த்தேன். இடது தோளை இறுக்காதே என்கிறாள்.

செப்டம்பர் 4, புதன்

இன்று ஒரு கூத்து. ரூபனை வரச்சொல்லி கீபோர்டு பக்கத்தில் ஃபோனை ஸ்டாண்டில் நிறுத்தி, ரெக்கார்டு செய்வது எப்படி என்று கேட்டுக்கொண்டார். ரூபன் போனதும் என்னிடம், "நீ உள்ள போ. நீ பாத்துக்கிட்டு இருந்தா கை உதறுது" என்றார். நான் போய்க் கஞ்சிக்குக் குக்கர் வைத்தேன். முன்னறையில் அவருடைய பாட்டு கேட்டது. இடது கை இல்லாமல், வலது கை மட்டும். கேட்க மொட்டையாக இருந்தது. முடிந்ததும் கூப்பிட்டார், போனேன். வேர்த்து வழிந்து உட்கார்ந்திருந்தார். துண்டு எடுத்துத் துடைத்தேன்.

"உனக்குத்தான். இத ஓடவிட்டு நீ பேஸ் வாசிச்சிக்கிடலாம்."

"நீங்க இருக்கும்போது எனக்கு ரெக்கார்டிங் எதுக்கு?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். குக்கரை இறக்க வேண்டும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 14, சனி

"அத வச்சி வாசிச்சிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன்."

"அந்த இடம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சி."

அப்படி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில். கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார்.

நான் அதைத் திறக்கவே இல்லை. ஃபோனில் கிடக்கிறது. பால்காரருக்கு இனி அரை லிட்டர் போதும் என்று சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

காலாண்டுத் தேர்வுத் தாள்களை அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து திருத்துகிறேன். ஒரு பெண் முக்கோணத்துக்கு நாலு பக்கம் வரைந்திருக்கிறாள். அவரிடம் காட்டினேன். சிரிக்கப் பார்த்தார், வலித்தது. இனிமேல் சிரிக்க வைக்கிற எதையும் காட்டக்கூடாது.

பேஸ் வாசிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். வாசித்தேன். கீபோர்டு இல்லாமல் பேஸ் மட்டும். போர்வைக்கு மேலே வலது கை விரல்கள் அசைந்தன. ஏணி வந்ததும் விரல்கள் நின்றன. நான் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அசைந்தன.

அக்டோபர் 3, வியாழன்

இன்று இளநீர் கொஞ்சம் இறங்கியது. தேறிவிடுவார்.

அக்டோபர் 7, திங்கள்

அவர் போய்விட்டார். காலையில்.

அக்டோபர் 9, புதன்

நேற்று அடக்கம். வீட்டு முற்றத்தில் குழு நின்று பாடியது. கீபோர்டு மூடியே கிடந்தது, ரூபன் கிட்டார் மட்டும் வாசித்தான். எனக்குப் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்து கையைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து மடியில் இருந்த ஃபோன் சிணுங்கியது. அந்தச் செயலி. "உங்களைக் காணவில்லையே! இன்று ஐந்து நிமிடம் ஒதுக்க முடியுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவருடைய அக்கா பயந்துபோய் என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். சிரித்ததுதான் அழுகையாக மாறியிருக்க வேண்டும், எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 20, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். மூன்றாவது பெஞ்சில் உட்காரப் போனேன். ரூபன் பாடகர் மேடையிலிருந்து இறங்கி வந்து, "டீச்சரக்கா, மேல வாங்க" என்றான். வரவில்லை என்றேன். அவன் போகாமல் நின்றான். ஆராதனை தொடங்குகிற நேரம், எல்லாரும் பார்க்கிறார்கள், போய்விட்டேன். நான் கொண்டுபோகாத பேஸ் அங்கே தயாராக இருந்தது. கெசியா காலையிலேயே கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

முடிந்தபின் ரூபன் சொன்னான்: "எங்க சித்தப்பா மகன வேண்டாம்னு சொன்னப்ப எனக்கு அண்ணன் மேல கோவந்தான். பொறவு என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாங்க. 'அவ பெஞ்சுல தனியா உக்காந்தா தாங்கமாட்டாடே. மேல நாலு பேரோட நின்னான்னா, கைக்கு ஒரு வேல இருந்துச்சின்னா, நின்னுருவா'ன்னு."

"எப்ப சொன்னாங்க?"

"அதே வாரந்தான். ஜூன்ல."

ஸ்கேன் எடுத்தது ஜூலையில். மதுரை போனது ஜூலைக் கடைசியில். கணக்கு இடிக்கிறது. எனக்குத் தெரியாமல் முன்பே எங்கேயோ போய்க் கேட்டுவிட்டு வந்து, நாலு கம்பிதான் என்று என்னிடம் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து அவருடைய சட்டைகளைத் துவைத்தேன். துவைத்த சட்டைகள்தான், மறுபடியும் துவைத்தேன்.

நவம்பர் 9, சனி

மெட்ரோனோம் வாங்கிவிட்டேன். செயலியிலும் இருக்கிறது, ஆனால் ரூபன் கடையில் ஒன்று இருந்தது, முள் ஆடுகிற பழைய மாதிரி. அதற்கு இரக்கமே கிடையாது. எனக்கு இப்போது அதுதான் சௌகரியம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, காப்பி குடித்து, விளக்கு வைக்கிற வரைக்கும் வாசிக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சமையலறை அம்மாள் சுண்டுவிரலுக்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறாள். மேசை மேல் கையை வைத்து மற்ற விரல்களை அசைக்காமல் அதை மட்டும் தூக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகள் கணக்குப் போடும்போது மேசைக்கடியில் தூக்கிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 20, புதன்

ஏணி ஏறிவிட்டேன். மெதுவாக வைத்தாலும் வேகமாக வைத்தாலும் சுண்டுவிரல் முள்ளோடு சேர்ந்து விழுகிறது. செயலி முழுக்கப் பச்சை. ரூபனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"கடிகாரம் கணக்கா வாசிக்கீங்க டீச்சரக்கா."

அவர் கேட்கவேண்டிய இதை ரூபன் கேட்கிறானே என்று அவன் மேல் கோபம் வந்தது. பாவம், அவனுக்கு டீ கூடப் போட்டுக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கேரல் ஆராதனை டிசம்பர் பதினைந்து. கீபோர்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. அவருடைய பாட்டை இந்த வருஷம் விட்டுவிடலாமா என்று சபை ஐயர் கேட்டார். கெசியா ஃபோனிலிருந்தே, "அப்பா வாசிச்சது இருக்குல்லாம்மா, அத ஸ்பீக்கர்ல போடலாம்லா" என்றாள். குழுவில் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது. ஐயரும் சரி என்றார். அவர் வலது கை, ரூபன் கிட்டார், இடது கை இருக்கவேண்டிய இடத்தில் நான்.

ரூபனுக்கு அந்தப் பதிவை அனுப்பினேன். திறக்காமலே அனுப்பினேன்.

டிசம்பர் 7, சனி

ஒத்திகை. ஸ்பீக்கரில் அவர், "ஒன், டூ, ரெடி" என்றார். ஹாலில் நின்ற முப்பது பேரும் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார்கள். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டு வாசித்தேன். முதல் சரணம், கடைசி வரி, ஏணி. சரியாக ஏறினேன். சுண்டுவிரல் போய் நின்றது. அங்கே அவர் இல்லை.

எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தார். நான் ஏறி முடித்த பிறகு மெதுவாக வந்து சேர்ந்தார். பாட்டு இரண்டாகப் பிளந்து, பாடுகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய், நின்றுவிட்டது. மறுபடி போட்டோம். அதே இடம், அதே குழப்பம். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டேன். மெட்ரோனோமை ஓடவிட்டுக் கேட்டேன். பாட்டு முழுக்க முள்ளோடு ஒட்டிப் போகிறார், அந்த உடம்போடு. ஏணியில் மட்டும் பின்தங்குகிறார். வலியில் கை தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது சரணம் கேட்டேன். அதே இடம், அதே அளவு. மூன்றாவதிலும் அப்படியே. கை தளர்ந்தால் இப்படி ஒரே அளவில் தளராது.

காதோடு ஃபோனை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, அது நான் வைத்த கஞ்சி. அதை அடுத்து, மெல்ல, அவர் குரல். "ம், வந்தாச்சா?"

நான் அந்த அறையிலேயே இல்லை. என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, நான் எவ்வளவு தாமதமாக வருவேன் என்று மனசுக்குள் அளந்து, அந்த அளவுக்கு நின்றிருக்கிறார். அதை நான் வாசித்துப் பார்த்தேன் என்று பொய் சொன்னேன். செப்டம்பரில் வாசித்திருந்தால் அச்சாகப் பொருந்தியிருப்பேன். அப்போது என் சுண்டுவிரல் அப்படித்தான் இருந்தது. பொருந்துவதை அவரும் கேட்டிருப்பார்.

இப்போது நான் முன்னேறிவிட்டேன். அவர் அங்கேயே நிற்கிறார். இன்று நன்றாக அழுதேன், எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 9, திங்கள்

ரூபன் கடையிலிருந்து ஒரு பதிவு அனுப்பினான். "சரி பண்ணிட்டேன் டீச்சரக்கா, கேட்டுப் பாருங்க." கம்ப்யூட்டரில் போட்டு அந்த மூன்று இடத்தையும் நறுக்கி ஒட்டியிருக்கிறான். குரலையும் விசிலையும் எடுத்துவிட்டான். கேட்டேன். ஒரு குறையும் இல்லை. முள்ளோடு சேர்ந்து ஓடுகிறது. யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குப் போனேன்.

"இது வேண்டாம் ரூபன். பழசையே போடு."

"டீச்சரக்கா, முப்பது பேரு பாடணும். சின்னப் பிள்ளைய வேற நிக்கும். சனிக்கெழம பாத்தீங்கல்லா, அந்த எடத்துல எல்லாரும் கவுந்துருவாங்க. அண்ணன் பாட்டு அப்படிக் கவுந்தா நமக்குத்தான கஷ்டம்?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

"பாடுதவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கேன்."

"நீங்க? நீங்களே சரியா முன்னாடி போயிருதீங்களே."

"அதையும் பாத்துக்கிடுதேன்."

அவன் ஒரு கஸ்டமரின் உடைந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "சரிக்கா" என்றான். பிறகு, "ரெண்டு நாள் உக்காந்து செஞ்சேன்" என்றான். நன்றி சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

வரவில்லை. கை தானாகச் சரியான நேரத்தில் ஏறிவிடுகிறது.

டிசம்பர் 12, வியாழன்

சமையலறை அம்மாளின் பாடங்கள் எல்லாவற்றையும் புரட்டிவிட்டேன். தாடிக்காரரையும் பார்த்தேன், சென்னை சாரையும் விடவில்லை. வேகமாக வாசிக்க, சுத்தமாக வாசிக்க, பார்க்காமல் வாசிக்க, எல்லாவற்றுக்கும் பாடம் இருக்கிறது. ஒருவருக்காகத் தாமதமாகப் போய்ச் சேர யாரும் சொல்லித் தரவில்லை. மெட்ரோனோமை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். செயலியில் மூன்று சிவப்பு விழுந்தது. "இந்த இடத்தில் இன்னும் பயிற்சி தேவை" என்கிறது. அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

எண்ணிப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் சொன்னபடி கேட்கத் தொடங்கினேன். முதல் அடியை மட்டும் வாசித்துவிட்டு மற்றதையெல்லாம் கேட்டேன். ஏணிக்கு முன்னால் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். சாயங்காலம் ஒரு தடவை சேர்ந்து ஏறினோம்.

டிசம்பர் 14, சனி

கடைசி ஒத்திகை. பாடுகிறவர்களை வகுப்பு மாதிரி உட்கார வைத்தேன். "கடைசி வரியில அவர் மூச்சு எடுப்பாங்க. நீங்களும் எடுங்க. நான் ஏறினதும் பாடுங்க. யாரும் எண்ணக்கூடாது, என்னையப் பாத்தா போதும்" என்றேன். மேல்குரல் பாடுகிற சோப்ரானோ வரிசையில் ஒரு பெண், "மிஸ், அந்த இடத்துல ஏன் நிக்கணும்?" என்று கேட்டாள். கெசியா பெங்களூரிலிருந்து வந்து பின்வரிசையில் நின்றாள். அவளே பதில் சொன்னாள்: "அங்க அப்பா நிக்காங்க."

மூன்று தடவை பாடினோம். மூன்றாவது தடவை கவிழவில்லை. கடைசி ஸ்வரம் அடங்கியதும் ரூபன் பதிவை நிறுத்தினான்.

டிசம்பர் 15, ஞாயிறு

கோயில் நிறைந்து வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வாங்கிக் கொடுத்த நீலச் சேலை கட்டினேன். எங்கள் பாட்டு கடைசியில்.

"ஒன், டூ, ரெடி" என்றார்.

முதல் சரணத்தில் ஒரு இழை முந்திவிட்டேன். யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. இரண்டாவதில் அவர் மூச்சு இழுத்ததும் முப்பது பேரும் இழுத்தார்கள். மூன்றாவதில் நான் கம்பியைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். ஆள்காட்டி விரல், நடுவிரல். குக்கர் விசில் அடித்தது. ஒரு நொடி கோயில் முழுக்க ஸ்பீக்கரில் மெல்லக் கேட்டது: "ம், வந்தாச்சா?"

சுண்டுவிரல் போய் நின்றது. அவரும் அங்கே இருந்தார். சேர்ந்து மேலே போனோம். பாட்டு முடிந்தது.

ஒத்திகையில் எல்லாம் கடைசி ஸ்வரத்தோடு நிறுத்திவிடுவான் ரூபன். நானும் வீட்டில் மூன்றாவது ஏணியைத் தாண்டிக் கேட்டதில்லை. இன்று அவன் கிட்டாரைப் பிடித்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான், ஃபோனை மறந்துவிட்டான். அது ஓடிக்கொண்டே இருந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. அவர் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு, வீட்டுக்குள் கூப்பிடுகிற அதே குரலில்:

"ஏ பியூலா, முடிஞ்சிட்டு. இனி வெளிய வா."

பின்னாலிருந்து, தூரத்தில், பாத்திரச் சத்தத்துக்கு நடுவே என் குரல் கேட்டது.

"இந்தா வாரேன்."

ரூபன் அப்போதுதான் ஃபோனை அணைத்தான்.